கம்பியா, ஸ்பிரிங்கா, ஷாக்கா? மலை ஏறும் காருக்கு எதில் பணம் போடுவது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. போன ஆண்டு என் மனைவியின் அண்ணன் தன் காரில் எங்களை அழைத்துப்போனார். ஒன்பதாவது வளைவில் பின்னிருக்கையில் கிடந்த தண்ணீர் பாட்டில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு உருண்டது. பதினைந்தாவதில் அவருடைய மகள் பிளாஸ்டிக் பை கேட்டாள். திரும்பி வந்த வாரமே தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, தடித்த ஸ்டெபிலைசர் கம்பி போட்டால் வண்டி சாயாது என்கிறார்கள். ஐம்பதாயிரம் வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். போட்டுவிடலாமா?"

அவர் அதற்குள் மூன்று பேரிடம் கேட்டு முடித்திருந்தார். டயர் கடைக்காரர் டயரை மாற்றச் சொன்னார். கார் அலங்காரக் கடைக்காரர் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கைக் காட்டினார். அலுவலக நண்பர் கம்பி என்றார். அவரவர் கையில் இருந்த மருந்தை அவரவர் எழுதிக் கொடுத்தார்கள். நோய் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்: "மச்சான், வண்டி சாய்வது தொந்தரவா, திரும்ப மறுப்பது தொந்தரவா, ஆடுவது தொந்தரவா?"

"எல்லாம் ஒன்றுதானே?" என்றார்.

இந்த மூன்றும் ஒன்றென்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். சாய்வது, வளைவில் உடல் எவ்வளவு கோணம் ஒருபக்கம் இறங்குகிறது என்பது. திரும்ப மறுப்பது, ஸ்டீயரிங்கை ஒடித்த பிறகும் மூக்கு வளைவின் வெளிப்பக்கம் ஓடுவது. ஆடுவது, மேடு பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி அடங்காமல் மேலும் கீழும் அலைவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கவும் செய்யும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வளைவின் ஆரம் 12 மீட்டர், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், காரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடை, தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலம். இப்படி ஒரு காரில் வளைவின் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இடம்பெயரும் சுமை சுமார் 160 கிலோ. உடல் சாய்வதோ இரண்டு மூன்று பாகைதான். உள்ளே உட்கார்ந்திருக்கும் வயிற்றுக்கு அது பத்துப் பாகையாகத் தெரிகிறது, அது வேறு கதை.

அந்த 160 கிலோவை எந்தக் கம்பியாலும் குறைக்க முடியாது. அதை முடிவு செய்வது வேகம், எடை, உயரம், அகலம் இந்த நான்கும்தான். கம்பி போட்டால் சாய்வு குறையும். சுமை மாறுவது அப்படியே இருக்கும். ஆனால் அந்தச் சுமையில் முன் அச்சு எவ்வளவு ஏற்பது, பின் அச்சு எவ்வளவு ஏற்பது என்ற பங்கீட்டைக் கம்பி மாற்றிவிடும். கம்பியின் நன்மை தீமை எல்லாம் இந்தப் பங்கீட்டில் அடங்கியிருக்கிறது.

நான்கு பேர் சாமி பல்லக்கைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். சாயும் பக்கத்துத் தோள்களில் பாரம் ஏறும். முன்னால் இருப்பவர் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டால் அவர்தான் முதலில் தடுமாறுவார்; பின்னால் இருப்பவர் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் முன்னவருக்கு மூச்சு வரும். டயரும் அப்படித்தான். மேலே ஏறும் பாரம் இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஆகவே ஒரு அச்சின் இரண்டு டயர்களுக்கும் இடையே பாரம் எவ்வளவு ஏறுமாறாகிறதோ, அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு அவ்வளவு குறைகிறது.

கம்பி செய்வதும் செய்யாததும்

ஸ்டெபிலைசர் கம்பி என்பது வளைந்த ஒரு எஃகுத் தண்டு. இடது சக்கரத்தின் தாங்கியையும் வலது சக்கரத்தின் தாங்கியையும் இணைக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது சும்மா சுழலும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கேறும். அதனால் வேகத்தடையை நேராக ஏறும்போது கம்பி இருப்பதே தெரியாது. இதற்கான முதல் காப்புரிமையை 1919-இல் கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரத்து ஸ்டீபன் கோல்மன் பெற்றார். நூறு ஆண்டு கடந்தும் அதன் வடிவம் பெரிதாக மாறவில்லை.

விற்பவர்கள் "இரண்டே மில்லிமீட்டர்தான் தடிமன் கூடுதல்" என்பார்கள். அந்த இரண்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். முறுக்கை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 போட்டால் விறைப்பு 46 விழுக்காடு கூடுகிறது. 24 போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. உள்ளீடற்ற குழாய்க் கம்பி ஏமாற்று வேலை என்று சிலர் சந்தேகப்படுவதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான். நடுவில் பாதி விட்டத்துக்குத் துளை இருந்தாலும் விறைப்பில் போவது ஆறு விழுக்காடு, எடையில் மிச்சமாவது கால் பங்கு.

எந்த அச்சில் போடுகிறோம் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வேர். 1960 மாடலாக வந்த அந்தக் காருக்கு இன்ஜின் பின்னால். பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில். வளைவில் வால் வீசும் குணம் அதற்கு இருந்தது. 1964 மாடலில் முன்பக்கத்தில் ஸ்டெபிலைசர் கம்பியை எல்லா வண்டிக்கும் கொடுத்தார்கள், பின்னால் குறுக்காக ஒரு பட்டை வில்லையும் சேர்த்தார்கள். வால் வீசுகிற வண்டிக்கு முன்னால் ஏன் கம்பி? முன் அச்சைச் சுமையின் பெரும்பங்கை வாங்க வைத்து, பின் டயர்களுக்கு மூச்சு விடக் கொடுக்கத்தான்.

நம் ஊரில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை. இன்ஜின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் அதே இரண்டு டயர்களின் தலையில். இயல்பாகவே மூக்கு வெளியே ஓடும் குணம். இந்த வண்டிக்கு முன்னால் தடித்த கம்பி போட்டால் சாய்வு குறையும், ஆனால் மூக்கு இன்னும் வெளியே ஓடும். மலையில் இன்னொரு தொல்லையும் சேரும். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்பக்க முன்சக்கரம் ஏற்கெனவே பாரம் இழந்திருக்கிறது. விறைப்பான கம்பி அதை மேலும் தூக்கும். முதல் கியரில் மிதித்தால் அந்தச் சக்கரம் வீணாகச் சுழன்று சத்தம் போடும். மைத்துனருக்கு அலுவலக நண்பர் பரிந்துரைத்தது இந்த முன்பக்கக் கம்பியைத்தான்.

பின்பக்கக் கம்பி வேறு விதம். முன் இழுவைக் காரில் அது மூக்கை உள்ளே இழுக்கும். சிறு கார்களின் பின்னச்சு பெரும்பாலும் முறுக்கு உத்திரம் (டார்ஷன் பீம்), அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்து, தானே முறுக்கேறும் குறுக்குத் தண்டு. அதுவே ஓரளவு ஸ்டெபிலைசர் வேலையையும் செய்கிறது. அதன் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கும் கூடுதல் கம்பிகள் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன. போட்ட அன்றே வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்தது. பழைய ஹேட்ச்பேக் ஒன்றில் போட்டிருந்தேன். ஏற்காட்டின் 20 வளைவுகளையும் ஏறி முடித்தபோது புதுக் கார் வாங்கியதுபோல் இருந்தது.

இறக்கத்தில்தான் பாடம் கிடைத்தது. ஒரு ஐப்பசி மழையில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவின் நடுவில் எதிரே பஸ் வர, பதறி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் ஒரு முழம் வெளியே போய்த் திரும்பி வந்தது. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னால் சரிந்திருக்கிறது. காலை எடுத்ததும் இன்னும் சரிந்தது. இலேசாகிப்போன பின் டயர்களின் பிடிப்பைக் கம்பி வேறு குறைத்து வைத்திருந்தது. ஈரச் சாலை மீதியைச் செய்தது. அந்தக் கம்பியில் இணைப்புக்கு இரண்டு துளைகள் இருந்தன. கம்பியின் வளைந்த கை நீளம் கூடினால் விறைப்பு குறையும். மறுநாளே நீளமான துளைக்கு மாற்றிவிட்டேன், பிறகு வண்டியை விற்கும்வரை அதைத் தொடவில்லை. இஎஸ்சி எனும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள புதிய கார்களில் இப்படிப்பட்ட தவறை அது ஓரளவு பிடித்துக்கொள்ளும். என் பழைய காரில் அந்த வலை இல்லை.

கம்பிக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால், கம்பி அந்த அடியை மறுபக்கத்துக்கும் கடத்தும். விறைப்பான கம்பியும் குண்டும் குழியுமான சாலையும் சேர்ந்தால் உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமும் அசைந்துகொண்டே இருக்கும். வாந்தி எடுக்கும் குழந்தைக்காகக் கம்பி போட நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மலைவளைவில் கிடைக்கும் நிம்மதியை ஊர்ச் சாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தாழ்த்தும் ஸ்பிரிங்

இதைப்பற்றி எனக்கு ஒரு மனச்சாய்வு உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன்: நம் சாலைகளில் எனக்கு இது பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேலே சொன்ன கணக்கில் ஈர்ப்பு மையத்தை 30 மில்லிமீட்டர் தாழ்த்திப் பாருங்கள். 160 கிலோவில் குறைவது ஒன்பது கிலோ. சாய்வு குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் விறைப்புதான், தாழ்வு அல்ல. முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் அமைப்பு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருப்பது) உள்ள கார்களில் தாழ்த்துவதால் ஒரு மறைமுகக் கேடும் வருகிறது. சக்கரத்தைக் கீழே உடற்கூட்டோடு இணைக்கும் கீழ்க்கை தன் கிடைமட்ட நிலையைத் தாண்டி மேல்நோக்கிச் சரிந்துவிட்டால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. விறைப்பான ஸ்பிரிங் கொடுத்த இலாபத்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும்.

வேகத்தடை விஷயம் எல்லோருக்கும் தெரியும். இந்தியச் சாலைக் கழகத்தின் விதி வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்கிறது. நம் தெருமுனைகளில் ஒரு சிமென்ட் மூட்டையைக் கொட்டிக் கரண்டியால் தடவிய வேகத்தடைகள் அந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு 30 மில்லிமீட்டர் தாழ்ந்த வண்டியில் அவற்றைக் கடக்கும்போது வரும் சத்தம் செலவுக் கணக்கில் சேர வேண்டியது.

போட்டே தீருவேன் என்றால் ஷாக்கையும் சேர்த்து மாற்றுங்கள். விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கக் கம்பெனி ஷாக்குக்குத் தெம்பு போதாது. பில்ஸ்டைன் நிறுவனம் இதற்காகவே இரண்டு வகை வைத்திருக்கிறது: பி6 வழக்கமான உயரத்துக்கு, பி8 தாழ்த்திய வண்டிக்கான குட்டைத் தண்டு.

ஷாக், ஆட்டம், வாந்தி

ஷாக் அப்சார்பர் வண்டி எவ்வளவு சாய்கிறது என்பதை மாற்றுவதில்லை. நீண்ட வளைவில் நிலையாகப் போய்க்கொண்டிருக்கும்போது நல்ல ஷாக்கும் செத்த ஷாக்கும் ஒரே கோணத்தில்தான் நிற்கும். எவ்வளவு வேகமாகச் சாய்கிறது, சாய்ந்தபின் எப்படி அடங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். மலைப்பாதையில் நிலையான வளைவு ஏது? இடது, உடனே வலது, நடுவில் ஒரு பள்ளம், மறுபடி இடது. தேய்ந்த ஷாக்கில் வண்டி ஒரு வளைவின் சாய்விலிருந்து மீளும் முன்பே அடுத்ததற்குள் தூக்கி எறியப்படுகிறது. பின்னிருக்கையில் இருப்பவருக்குக் குமட்டல் வருவது பெரும்பாலும் இந்த அலைச்சலால்.

ஷாக் திடீரென்று சாவதில்லை. ஓட்டுபவருக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். பானட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனை முழுதும் செத்ததைத்தான் காட்டும், பாதி செத்ததைக் காட்டாது. தண்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு, டயர் திட்டுத் திட்டாகத் தேய்வது, தேசிய நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைத் தாண்டியபின் பின்பக்கம் இன்னொரு முறை மிதப்பது ஆகியவை நம்பத்தகுந்த அடையாளங்கள். மாற்றும்போது ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஷாக்கின் மேல்நுனியை உடலோடு பிடிக்கும் மேல் மவுன்ட் ரப்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அதற்காக மறுபடி பிரித்தால் கூலி இரட்டிப்பு.

ஒரு நுணுக்கம். கீழ்க்கையின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக்கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும் நிலையில்தான் கடைசி இறுக்கம். இல்லையென்றால் இணைப்புக்குள் இருக்கும் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். இதைச் செய்யும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அனுசரிக்கும் ஷாக்குகளும் உயரத்தையே மாற்றும் காயில் ஓவர்களும் அருமையானவை, பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கு. திருகு இருந்தால் திருகத் தோன்றும். பெரும்பாலும் தவறாகத் திருகுவோம்.

டயரை ஏன் கடைசியில் சொல்கிறேன்

சலிப்பான பதில் என்பதால்தான். மூக்கு வெளியே ஓடுகிறது என்று கம்பி தேடுபவர்கள் முதலில் டயரின் பக்கச் சுவரைப் பார்க்கலாம். அங்கே நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தடம் ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு ஆண்டான ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஒரே மாடலின் கீழ்வகைக்கு 165/80 ஆர்14, மேல்வகைக்கு 185/65 ஆர்15 என்று கம்பெனியே கொடுக்கும் கார்கள் உண்டு (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு, கடைசி ரிம்மின் அங்குலம்). இரண்டின் வெளி விட்டமும் இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகும், ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டாது. உயரம் குறைந்த அந்தப் பக்கச் சுவர் வளைவில் அவ்வளவு மடங்குவதில்லை. ஸ்டீயரிங் சொல்வதை வண்டி உடனே கேட்கிறது. பின்னச்சைக் கெடுக்காமல் முன்னச்சின் பிடிப்பைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வீல் அலைன்மென்ட் சரியில்லாத காரில் இதுவும் வீண். அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

இன்ஜினுக்கு மேல் குறுக்காகப் போடும் ஸ்ட்ரட் பார் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பளபளப்பாக இருக்கும். உடற்கூடு உறுதியான இன்றைய கார்களில் மலைப்பாதை வேகத்துக்கு அதனால் பெரிய மாற்றம் எதையும் நான் உணர்ந்ததில்லை.

உயரமான வண்டிகளுக்கு வேறு வரிசை

எஸ்யூவி வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. ஈர்ப்பு மையம் உயரும்போது இடம்பெயரும் சுமையும் கூடுகிறது, சாய்வும் கூடுகிறது. 1997-இல் உயரமான மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் சுவீடனின் ஒரு வாகன இதழ் நடத்திய திடீர்த் தடை விலக்கும் சோதனையில் கவிழ்ந்தது. நிறுவனம் சஸ்பென்ஷனைத் திருத்தியது, எல்லாக் காருக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டைச் சேர்த்தது. உயரமான வண்டியில் கம்பி கூடுதலாக வேலை செய்கிறது. கழற்றுவதோ தளர விடுவதோ ஆபத்து. இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட் போட்டுவிட்டு "இப்போது சாய்கிறது" என்று வருபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கரடுமுரடான காட்டுப் பாதையில் மட்டும் கதை தலைகீழ். ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது கம்பி மறுசக்கரத்தையும் தூக்கிவிடும், பிடிப்பு போய்விடும். அதற்காகத்தான் ஜீப் ரேங்லர் ரூபிகானில் முன்கம்பியைத் துண்டிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பொத்தான் இல்லாத வண்டிக்காரர்கள் கம்பியின் நுனியைச் சக்கரத்தின் தாங்கியோடு இணைக்கும் லிங்க்கைக் கழற்றிவிட்டு, திரும்பும்போது மாட்ட மறந்து தார்ச்சாலையில் ஏறுவதும் நடக்கிறது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. தேய்ந்த பாகத்துக்கு ஈடான பாகம் போடுவதில் சிக்கல் இல்லை. கம்பி, தாழ்த்தும் ஸ்பிரிங் என்று போனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிப் பதிலை வாங்கி வைப்பது நல்லது. வாரன்ட்டி காலம் முடியாத வண்டி என்றால் நான் தொடவே மாட்டேன்.

மைத்துனரின் கார் எட்டு ஆண்டு பழையது, 90,000 கிலோமீட்டர் ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். முன்பக்க ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டிலும் பால் ஜாயின்ட் தளர்ந்து கையால் ஆட்டினாலே டக் டக் என்றது. அதாவது இருக்கிற கம்பியே பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்திருக்கும் புஷ் ரப்பர் வெடித்திருந்தது. பின் ஷாக் ஒன்றில் எண்ணெய் வழிந்து தூசி படிந்து சேறாகியிருந்தது. டயரில் மட்டும் குறை இல்லை, இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

லிங்க், புஷ், நான்கு ஷாக், மேல் மவுன்ட், அலைன்மென்ட். எல்லாம் முடித்தும் அவர் ஒதுக்கிய ஐம்பதாயிரத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கம்பெனி போட்ட கம்பி, கம்பெனி போட்ட ஸ்பிரிங், உயரம் எதையும் தொடவில்லை. மூக்கு வெளியே ஓடும் குணம் கொஞ்சம் இருக்கிறது. அந்த வண்டியின் சுபாவம் அது. தை மாதத்தில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய்வந்தார், 70 வளைவுகள். பாட்டில் உருண்டதாம். மகள் செம்மேடு வரை தூங்கிக்கொண்டே வந்தாளாம்.

மிச்சப் பணத்தில் பின்கம்பி போடலாமா என்று இப்போது கேட்கிறார். மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.